ரெண்டு பிள்ளை, ஒத்த ஆளு: ஊருக்கு வர டபுள் ஸ்ட்ரோலர் வாங்கலாமா?

தக்கலை_மருமகள்
எல்லாருக்கும் வணக்கம். ஷார்ஜால இருக்கோம், வீடு தக்கலை பக்கம். ஜூலை லீவுல ஊருக்கு வாறோம். மூத்தவனுக்கு ரெண்டரை வயசு, 13 கிலோ. இளையவளுக்கு அப்போ அஞ்சு மாசம் ஆகியிருக்கும். எனக்க வீட்டுக்காரருக்கு ஆகஸ்ட்லதான் லீவு. அதனால திருவனந்தபுரத்துல இறங்குற வரைக்கும் ரெண்டு பேரையும் நான் ஒத்தைல கொண்டு வரணும். மூத்தவன் கையை விட்டா ஓடிருவான், அது வேற.

இங்க கடையில ஸ்ட்ரோலர், அதான் பிள்ளையை உக்கார வச்சுத் தள்ளுற வண்டி, மூணு வகை பாத்தேன். ரெண்டு சீட்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறது, முன்னும் பின்னுமா இருக்கிறது, அப்புறம் ஒத்தை ஸ்ட்ரோலருக்குப் பின்னால பெரிய பிள்ளை ஏறி நிக்க ஒரு சக்கரப் பலகை மாட்டுறது. கடைக்காரர் முதல் வகையைத்தான் தலையில கட்டப் பாக்கார். ஊர்ல கன்னியாகுமரி, பத்மநாபபுரம், மாத்தூர் தொட்டிப்பாலம் எல்லாம் போகணும். நாகர்கோவில்ல ஒரு கல்யாணம் இருக்கு. தாம்பரத்துல அக்கா வீட்டுக்கு ரயில்ல ஒரு பயணம். எதை வாங்கட்டும்?

வடசேரிக்காரன்
எதையும் வாங்காண்டாம் மக்கா. நாகர்கோவில்ல வடசேரி பஸ் ஸ்டாண்டுலேந்து மணிமேடை வரைக்கும் ஒரு வண்டியை உருட்டிக் காட்டுங்க, நான் காசு தாறேன். நடைபாதைன்னு இருக்கிற இடத்துல பைக் நிக்குது, இல்லாட்டி பழக்கடை.

இரட்டைக்கிளி
வடசேரி அண்ணன் சொல்றது பாதி சரி. எனக்கு இரட்டைப் பிள்ளைங்க, நாகர்கோவில்லதான் இருக்கேன், பக்கத்துல பக்கத்துல உள்ள டபுள்தான் வச்சிருக்கேன். ரோட்டுல அதை உருட்டுறதே இல்ல. ஆனா ஆஸ்பத்திரி, மால், கல்யாண மண்டபம், பார்க், சர்ச் வளாகம்னு எங்க தரை சமமா இருக்கோ அங்க அது இல்லாம முடியாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூங்கிட்டா எந்தத் தோளுல எத்தனை நேரம் போடுவீங்க?

ஆனா வாங்குறதுக்கு முன்னால அகலத்தைப் பாருங்க. இந்த வகை பொதுவா 70லேந்து 80 சென்டிமீட்டர் வரும். நம்ம ஊர்ப் பழைய வீட்டு உள்வாசல் ரெண்டரை அடி, அதாவது 76 சென்டிமீட்டர். அதுவும் நிலையோட அகலம். கதவு முழுசாத் திறக்காட்டி இன்னும் குறையும். வீட்டுல யாரையாவது டேப் வச்சு அளந்து சொல்லச் சொல்லுங்க.

இன்னொண்ணு. எனக்க ரெண்டு பேரும் ஒரே எடை. உங்களுக்கு ஒரு பக்கம் 13 கிலோ, மறு பக்கம் ஆறோ ஏழோ. கனத்த பக்கமா இழுத்துக்கிட்டே போகும், ஒத்தைக் கையால தள்ளவே முடியாது. மூத்தவன் தங்கச்சி மூக்குல விரலை விடுறதும் இலவசம்.

தக்கலை_மருமகள்
மாமியாரை அளக்கச் சொன்னேன். முன்வாசல் மூணடி, படுக்கையறை ரெண்டரை, அடுக்களை அதுக்கும் கொஞ்சம் கம்மி. திண்ணைக்கு ஏற நாலு படி. "வண்டிக்குப் படி எதுக்குடி, திண்ணையிலயே நிக்கட்டும்"னு அத்தை முடிச்சு வச்சிட்டாங்க.

முன்னும் பின்னுமா உள்ளது அகலம் கம்மிதானே, அது எப்படி?

சைக்கிள்டாக்டர்
மார்த்தாண்டம் பக்கம் சைக்கிள் கடை வச்சிருக்கேன். இப்போ பிள்ளை வண்டியும் ரிப்பேருக்கு வருது, கூடுதலும் கல்ஃப்லேந்து வந்ததுதான்.

முன்பின் சீட்டு வண்டி அகலத்துல ஒத்தை வண்டி மாதிரிதான், 60 சென்டிமீட்டரை ஒட்டி. கதவுல நுழையும். கஷ்டம் நீளத்துல இருக்கு. திரும்ப இடம் வேணும். படியிலயோ நடைபாதை விளிம்புலயோ ஏத்த முன்சக்கரத்தைத் தூக்கணும்ல, முன் சீட்டுல 13 கிலோ உக்காந்திருந்தா கைப்பிடியை எவ்வளவு அமுக்கினாலும் முன்னால எழும்பாது. கனத்த பிள்ளை எந்த சீட்டுன்னு கம்பெனிப் புத்தகத்துல போட்டிருப்பான், அதைப் பாக்காம உக்கார வைக்காதீங்க. சில மாடல்ல பின் சீட்டு கீழ இருக்கும், சாயவும் செய்யாது. அஞ்சு மாசப் பிள்ளைக்கு அது ஆகாது.

சக்கரத்தைப் பத்திக் கடைக்காரன் சொல்லமாட்டான், நான் சொல்லுதேன். சின்னச் சின்ன இரட்டைச் சக்கரம் ஏர்போர்ட் தரைக்குச் செஞ்சது. நம்ம ஊர் ஜல்லி பேர்ந்த ரோட்டுல முன்சக்கரம் குழியில மாட்டி வண்டி முன்பக்கமாக் குப்புற வரும். பிள்ளைக்கு பெல்ட் போட்டிருந்தா தப்பிச்சது. காத்து அடிக்கிற பெரிய சக்கரம் நல்லா ஓடும், ஆனா பஞ்சராகும், வண்டி கனக்கும், மடக்கினாலும் பெருசு. நடுவுல ஒண்ணு இருக்கு: ஃபோம் நிரப்பின சக்கரம். பஞ்சர் இல்ல, குலுக்கல் கொஞ்சம் கம்மி. ஊருக்கு வாறவங்களுக்கு அதுல நடுத்தர அளவு பாருங்க.

கடற்கரை மணல்ல எந்த வண்டியும் தள்ள முடியாது. கட்டாயம்னா திருப்பிப் பிடிச்சுப் பின்பக்கமா இழுங்க, அப்போதான் சின்னச் சக்கரம் புதையாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில சக்கரத்தையும் மடக்குற மூட்டையும் கழுவி வெயில்ல காய வைக்கணும். தேங்காய் எண்ணெய் போட்டுக் கொண்டு வாறாங்க, மணலு அதுல ஒட்டிக்கிட்டு அரைச்சுத் தள்ளிரும். சிலிக்கான் ஸ்பிரே போதும்.

பழையவிளை_தாத்தா
நாங்க ஆறு பிள்ளையை வளத்தோம். ஒண்ணு இடுப்புல, ஒண்ணு கையில, மிச்சம் பின்னால ஓடி வரும். இப்போ வண்டி அளக்க டேப் கேக்குது.

இரட்டைக்கிளி
தாத்தா, அந்த இடுப்பு யாருக்க இடுப்புன்னு சொன்னா நல்லாயிருக்கும்.

பழையவிளை_தாத்தா
:) அவ இப்போ முட்டுவலிக்குத் தைலம் தேச்சிட்டு இருக்கா. நீ சொன்னது சரிதான் மக்களே.

இரவுப்பணி_நர்ஸ்
பிள்ளைகள் வார்டுல வேலை பாக்கேன். அளவும் சக்கரமும் பேசியாச்சு, பிள்ளைக்கு எது தாங்கும்னு யாரும் தொடலையே.

அஞ்சு மாசத்துல கழுத்து நின்னிருக்கலாம், ஆனா தானா உக்காராது. சீட்டு நல்லா பின்னால சாஞ்சு படுக்கிற மாதிரி வரணும். வண்டியில ஒட்டியிருக்கிற லேபிளைப் படிங்க: "பிறந்ததிலிருந்து" போட்டிருக்கா, "6 மாதத்துக்கு மேல்" போட்டிருக்கா? குறைஞ்ச விலை டபுள்ல நிறைய ரெண்டாவது ரகம். கடையில "கொஞ்சம் சாச்சுக்கலாம்"னு சொன்னா நம்பாண்டாம்.

எடை வரம்பையும் பாருங்க. ஐரோப்பியத் தரம் EN 1888ல ரெண்டு பகுதி இருக்கு. முதல் பகுதி ஒரு சீட்டுக்கு 15 கிலோ வரைக்கும், ரெண்டாவது 22 கிலோ வரைக்கும். உங்க மூத்தவன் 13. பதினஞ்சு கிலோ வண்டி வாங்கினா அடுத்த லீவுக்கு அவனுக்கு ஆகாது. பெல்ட் ரெண்டு தோள், ரெண்டு இடுப்பு, காலுக்கு நடுவுல ஒண்ணுன்னு அஞ்சு முனையா இருக்கணும்.

அப்புறம் வெயிலுக்குன்னு வண்டி மேல துணியைப் போட்டு மூடுறது. மெல்லிசுத் துணியா இருந்தாலும் உள்ள காத்து நின்னு சூடு ஏறும், பிள்ளை முகமும் நமக்குத் தெரியாது. கூரையை இழுத்து விடுங்க, நிழல்ல நிறுத்துங்க, மூடாதீங்க. மழைக்குப் போடுற பிளாஸ்டிக் உறையும் அப்படித்தான். மழை விட்டதும் கழட்டிரணும்.

ஒத்தையில வாறவங்களுக்கு எனக்க யோசனை: சின்னதை கேரியர்ல, அதான் நெஞ்சோட சேத்துக் கட்டுற பையில போடுங்க, ஓடுறவனை வண்டியில கட்டுங்க. கேரியர்ல முகம் உங்களப் பாத்து இருக்கணும், தாடை நெஞ்சுல அமுங்காம மூச்சு விட இடம் இருக்கணும். குனிஞ்சா நெத்தியில முத்தம் குடுக்க எட்டுற உயரம்.

தக்கலை_மருமகள்
நர்ஸ் அக்கா, நன்றி. அப்படின்னா ஒத்தை ஸ்ட்ரோலரே போதும்னு சொல்றீங்களா? சக்கரப் பலகை?

இரவுப்பணி_நர்ஸ்
ரெண்டரை வயசுல ஓடுற பிள்ளை பலகையில நிக்குமா, நீங்களே சொல்லுங்க. அதுக்கு பெல்ட் கிடையாது. ஒரு வருஷம் கழிச்சு யோசிக்கலாம். எல்லா வண்டியிலயும் மாட்டவும் செய்யாது.

அபுதாபி_அண்ணாச்சி
ஏர்போர்ட் விஷயம் நான் சொல்லுகேன். ரெண்டு வயசுக்கு உள்ள பிள்ளையை மடியில வைக்கலாம்; மூத்தவனுக்குத் தனி சீட்டு எடுக்கணும், எடுத்திருப்பீங்க. ஸ்ட்ரோலரை விமானத்துக்க வாசல் வரைக்கும் கொண்டுபோய் அங்க டேக் போட்டுக் குடுக்கலாம். எந்த ஏர்லைன், எத்தனை கிலோ வரைக்கும்னு முன்கூட்டியே கேட்டு எழுத்துல வாங்கிக்கிடுங்க. டபுள்னா கேள்வி கூடுதலா வரும்.

செக்யூரிட்டில பிள்ளையை இறக்கி, வண்டியை மடக்கி எக்ஸ்ரேல விடச் சொல்லுவான். ஒரு கையில அஞ்சு மாசம், மறு கையில ஓடுறவன், வண்டியை யாரு மடக்குவா? அதான் ஒத்தைக் கையால மடங்குற வண்டியான்னு கடையிலயே செஞ்சு பாக்கணும். கடைக்காரன் செஞ்சு காட்டினா போதாது, நீங்க பையைத் தோளுல போட்டுக்கிட்டுச் செய்யணும்.

பெரிய சோதனை இறங்கும்போதுதான். ஏறும்போது வாசல்ல குடுத்த வண்டி இறங்கும்போதும் வாசலுக்கே வரும்னு இல்ல, பெட்டியோட பெல்ட்டுக்குப் போயிரும். அதுவரைக்கும் இமிகிரேஷன் வரிசையில வண்டி கிடையாது. கேரியர் அந்த நேரத்துக்கு உயிர்.

சின்னதா மடங்கி விமானத்துக்கு உள்ளயே வர்ற ரகம் இருக்கு. பேபிஜென் யோயோ மடக்கினா 52×44×18 சென்டிமீட்டர். விலை கேட்டா நமக்கு மடங்கும். "கேபின் சைஸ்"னு விளம்பரம் போட்டாலும் ஒவ்வொரு ஏர்லைனுக்கும் அளவு வேற, ஒத்துப் பாத்துட்டு நம்புங்க.

களியக்காவிளை_டாக்ஸி
அண்ணாச்சி விமானத்துல ஏத்திட்டாரு, நான் கார்ல ஏத்தணும்லா.

ஏர்போர்ட்டுக்கு வண்டி புக் பண்ணும்போது டிக்கியில கேஸ் சிலிண்டர் இருக்கான்னு கேளுங்க. சிஎன்ஜி வண்டியில பாதி டிக்கி சிலிண்டருக்குப் போயிரும். கல்ஃப் பெட்டி ரெண்டு, மேல டபுள் ஸ்ட்ரோலர்னா கதவு அடையாது. குடை மாதிரி ஒடுங்குற டபுள் மடக்கினாலும் ஒரு மீட்டரை ஒட்டி நீளம், சின்னக் கார்ல குறுக்க நிக்காது. பின் சீட்டை மடக்கினா பிள்ளையளை எங்க உக்கார வைக்க? பெரிய காரா சொல்லுங்க, கூட ஆகுற காசை வீட்டுக்காரர்கிட்ட வாங்குங்க. ஸ்ட்ரோலர் சீட்டை கார்ல கார் சீட்டா வைக்கப் பாக்காங்க, அது ஆகாது. அதுக்கு வேற சீட்டு இருக்கு.

இனி நீங்க சொன்ன இடங்க. கன்னியாகுமரியில சூரியன் மறையுற பக்கம், காந்தி மண்டபத்தைச் சுத்தி தளம் போட்ட இடத்துல வண்டி ஓடும், கூட்டம் கம்மியா இருக்கணும், அவ்வளவுதான். விவேகானந்தர் பாறைக்குப் போற படகுக்கு எந்த வண்டியும் வேண்டாம். வரிசை நீளம், பூம்புகார் கப்பல் கழகத்துப் படகுல ஏறி இறங்குறதே கைப்பிடிச்சுத்தான், பாறையில போனா படி. அங்கேருந்து திருவள்ளுவர் சிலைக்குப் போக 2024 டிசம்பர் 30ல திறந்த கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பாலத்துல வண்டி தாராளமாப் போகும், ஆனா பாலம் வரைக்கும் வண்டி வரணும்லா? சின்னது கேரியர்ல, பெரியவனுக்கு ஒரு ஆளு தனியா. ஜூலைல கடல் குமுறினா படகை நிறுத்திருவாங்க, அதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்கிடுங்க.

பத்மநாபபுரம் அரண்மனை திங்கக்கிழமை லீவு. செருப்பை வெளிய விட்டுட்டு மர ஏணிப்படி ஏறணும், குறுகலு, செங்குத்து. ஒத்தை வண்டி கூட உள்ள ஆகாது. சுசீந்திரம் கோயில்லயும் அப்படித்தான், வண்டி கார்லயே இருக்கும். மாத்தூர் தொட்டிப்பாலத்துல தண்ணி ஓடுற தொட்டிக்குப் பக்கத்துல நடக்க ஒரு வழி, ஆளு எதிர்ல வந்தா ஒதுங்கணும். கீழ 115 அடி. 1966ல காமராசர் காலத்துத் திட்டமாக் கட்டினது, அப்போ யாரு ஸ்ட்ரோலரை நினைச்சா? அங்க ஓடுற பிள்ளையை இறக்கவே செய்யாதீங்க, தோளுல போட ஒரு ஆம்பிளையைக் கூட்டிட்டுப் போங்க.

வண்டி தள்ளணும்னு ஆசை இருந்தா வட்டக்கோட்டை போங்க. உள்ள புல்லும் நடைபாதையும், கோட்டை மேல ஏறப் படி இல்லாம கல்லு பாவின சரிவு இருக்கு. சாயங்காலம் நல்லாயிருக்கும். ஆனா காத்து! ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்ங்கிறது ஆரல்வாய்மொழி கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குப் பழமொழி இல்ல, அனுபவம். லேசான வண்டி, கூரை விரிச்சு, பிரேக் போடாம விட்டா தானா உருளும். கைப்பிடியில பையைத் தொங்கவிட்டிருந்தா, பிள்ளையை இறக்கின உடனே பின்னால கவிழும். பையை அடியில கூடையில போடுங்க.

வடசேரிக்காரன்
டாக்ஸி அண்ணே சொன்னதையெல்லாம் கூட்டிப் பாத்தா நான் முதல்ல சொன்னதுதானே வருது? அஞ்சு இடத்துல நாலுல வண்டி கார்லதான்.

இரட்டைக்கிளி
கார்ல கிடக்கிற நாலு இடத்துக்காக இல்ல அண்ணே, ஏர்போர்ட்டுல நிக்கிற மூணு மணி நேரத்துக்காக வாங்குறாங்க. சுத்திப் பாக்குற இடத்தை வச்சு முடிவு பண்ணா யாரும் எதுவும் வாங்கவே முடியாது.

நாரோயில்_எக்ஸ்பிரஸ்
ரயிலுக்கு வருவோம். தாம்பரத்துக்குப் பகல்ல போகணும்னா வந்தே பாரத், 2024 ஆகஸ்ட் 31லேந்து ஓடுது. சேர் கார். அஞ்சு வயசுக்குக் கீழ டிக்கெட் வேண்டாம், ஆனா டிக்கெட் இல்லாட்டி சீட்டும் கிடையாது. எழும்பூர் வரைக்கும் ஒன்பது மணி நேரத்துக்குக் கிட்ட ரெண்டு பிள்ளையும் மடியிலன்னா யோசிங்க, மூத்தவனுக்கு ஒரு சீட்டு எடுத்திருங்க. படி ஏற சுகம், பிளாட்பாரத்துக்குச் சமமா இருக்கும். மத்த ரயில்ல படியில ஏறணும், வண்டியை மடக்கித் தூக்க ஆளு வேணும்.

ராத்திரி போகணும்னா கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், கீழ் பெர்த் கேட்டு எடுங்க. பிள்ளை தூங்கிரும், உங்களுக்கு அதுதான் முக்கியம். பெட்டிக்குள்ள நடைவழியில டபுள் போகவே போகாது, மடக்கினா கீழ் பெர்த்துக்கு அடியில பெட்டிகளோட சண்டை. ஒத்தை சின்ன மடிப்புன்னா அடியில நுழைஞ்சிரும்.

பிளாட்பாரத்துல வண்டியை நிறுத்தும்போது தண்டவாளத்தைப் பாத்து நிறுத்தாதீங்க, தண்டவாளத்துக்கு இணையா நிறுத்தி பிரேக் போடுங்க. கைப்பிடிக் கயிறை மணிக்கட்டுல மாட்டுங்க. எஸ்கலேட்டர்ல வண்டியோட ஏறாண்டாம், லிஃப்ட் தேடுங்க.

தக்கலை_மருமகள்
எல்லாத்தையும் வாசிச்சுட்டு, நேத்து இன்னொரு கடைக்குப் போய் தோளுல பையோட மடக்கிப் பாத்தேன். அண்ணாச்சி சொன்னது எவ்வளவு பெரிய விஷயம்னு அங்கதான் விளங்குச்சு. டபுள் ரெண்டுமே ஒத்தைக் கையில மடங்கல. ரெண்டு கையும் போட்டா ஒண்ணு மடங்குச்சு, ஆனா தூக்க முடியல.

இப்போ மனசுல இருக்கிறது: நல்லா படுக்கிற, 22 கிலோ வரைக்கும் தாங்குற ஒத்தை ஸ்ட்ரோலர், ஃபோம் சக்கரம், கூட ஒரு கேரியர். ஏர்போர்ட்டுல மூத்தவன் வண்டியில, இளையவ நெஞ்சுல. ஊருக்கு வந்தா மூத்தவன் நடப்பான், இளையவ வண்டியில படுப்பா. வீட்டுக்காரர் வந்ததுக்கு அப்புறம் அவருக்கு ஒரு தோள் இருக்கு. கடையில ரெண்டு ஒத்தை வண்டியை கிளிப் போட்டு இணைக்கிறதும் காட்டினாங்க, அடுத்த வருஷம் தேவைப்பட்டா இன்னொண்ணு வாங்கி இணைச்சுக்கலாம்னு ஒரு நினைப்பு.

சைக்கிள்டாக்டர்
நல்ல முடிவு. கிளிப் இணைக்கிறதுன்னா அந்தக் கம்பெனி அந்த மாடலுக்குன்னே தாறதா இருக்கணும். பொதுவா எல்லாத்துக்கும் மாட்டலாம்னு விக்கிறது ரெண்டு வண்டியும் ஒரே அளவு இல்லாட்டி ஒரு சக்கரம் தரையில படாது. அப்படி ஒண்ணு போன மாசம் கடைக்கு வந்துது.

இரட்டைக்கிளி
எனக்கு முழுச் சம்மதம் இல்ல. மூத்தவன் ஏர்போர்ட்டுல தூங்கி, இறங்கும்போது வண்டி பெல்ட்டுக்குப் போயிருந்தா 13 கிலோவை யாரு தூக்குவா? ஏர்லைன்ல உதவிக்கு ஆளு கேட்டு டிக்கெட்டுலயே போட்டு வையுங்க, ஒத்தையில வாறேன்னு சொன்னா அனுப்புவாங்க. கேக்காம நின்னா யாரும் வரமாட்டாங்க.

கல்யாணத்துக்கு எனக்க டபுளைத் தாறேன். எனக்க பிள்ளைங்க இப்போ நடக்குதுங்க, மூலையிலதான் நிக்குது. நாகர்கோவில்ல எந்த மண்டபம்?

தக்கலை_மருமகள்
அய்யோ அக்கா, ரொம்ப நன்றி. மண்டபம் எதுன்னு மாமனார்கிட்ட கேட்டுட்டு உங்களுக்குத் தனியா செய்தி போடுறேன். வாசல் அகலமாத்தான் இருக்கும்னு நினைக்கேன்.

இரட்டைக்கிளி
வாசலை விடுங்க. பந்தி எந்த மாடின்னு கேளுங்க, அங்க லிஃப்ட் ஓடுதான்னும் கேளுங்க. இருக்கு, ஆனா பூட்டி வச்சிருப்பாங்க. சாவி சமையல்காரர்கிட்ட இருக்கும்.